சாவி கட்டிய சாமி

ஆகஸ்டு மாதக் கடைசியில் வெள்ளைக்காரன் கொடியை இறக்குகிறான் என்றதும் மலாக்கா ஊரே குதூகலித்தது. அங்கே காஜா பெராங் கடைத்தெருக்காரர்கள் மட்டும் தங்கள் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கொடி இறங்கினால் சட்டம் இறங்கும், சட்டம் இறங்கினால் திருடன் வருவான் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ, ஈப்போவிலிருந்து வந்திருந்த சேதுபதி சுவாமிகள். காவி வேட்டி, இடுப்புவரை ஜடை, கையில் சுவிஸ் கடிகாரம்.

"பூட்டு வெறும் இரும்புதான். சாவிக்குத்தான் உயிரு இருக்கு. அந்த உயிரை நான் கட்டுறேன்" என்றார் சுவாமிகள்.

மறுநாளே திடலில் பந்தல் எழுந்தது. விடியுமுன் வரிசை. சாவியை வாங்குவார், சந்தன உருண்டைக்குள் வைத்து இரண்டு பக்கமும் நன்றாக அழுத்துவார், மந்திரம் முணுமுணுப்பார், சாவியைத் திருப்பித் தருவார். உருண்டை அவரிடமே இருக்கும். சந்தனத்தில் மெழுகு வாசம் அடித்தது. அது தெய்வீக வாசம் என்று முடிவு செய்தார்கள். தட்சணை அவரவர் விருப்பம். ஐந்து வெள்ளிக்குக் குறைவாக விரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் எல்லாரும் கடையைப் பூட்டிவிட்டுப் பந்தலில் கண்மூடி உட்கார வேண்டும். கண் திறந்தால் கட்டு அவிழ்ந்துவிடுமாம். அந்த நேரத்தில் சீடர் கலியாணசுந்தரம் பெரிய பையோடு கடைத்தெருவில் தீர்த்தம் தெளித்து வருவார். தீர்த்தத்துக்குப் பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

மூன்றாவது வெள்ளியன்று கருணாகரன் துணிக்கடையில் பட்டுச் சேலைகளைக் காணவில்லை. கதவு உடையவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஊர் பந்தலுக்கு ஓடியது.

சுவாமிகள் அசரவில்லை. "வெளித்திருடனை நான் கட்டிட்டேன். உள்ளே இருக்கிறவனை யாரு கட்டுறது? இன்னொரு சாவி எவன்கிட்ட இருக்கு?"

இன்னொரு சாவி கடைக் கணக்கப்பிள்ளை சுப்பையனிடம் இருந்தது. கருணாகரன் அந்தச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "வர்ற வெள்ளிக்குள்ள சரக்கு வரணும். இல்லேன்னா மாத்தா மாத்தாகிட்ட ஒப்படைச்சிடுவேன்" என்றார். போலீசுக்காரனைத்தான் அப்படிச் சொன்னார். சுப்பையனின் மனைவி அன்றைக்கு உலை வைக்கவில்லை.

எதிர் வரிசையில் மளிகைக்கடை வைத்திருந்த ருக்மணி மட்டும் அதுவரை சாவி கட்டியிருக்கவில்லை. அவள் கருணாகரனிடம் போனாள்.

"அண்ணே, என் கடை கட்டாத கடை. திருடன் வரல. கட்டுன உங்க கடைக்கு வந்துட்டான். பக்கத்துல நகைப் பட்டறையும் கட்டுன கடைதான், அங்கேயும் போன வாரம் சாமான் போச்சு. இது எப்படிண்ணே?"

"தெய்வ விசயத்துல கணக்குப் பார்க்காதேம்மா."

"தெய்வத்துகிட்ட இல்லண்ணே, திருடன்கிட்டதான் பார்க்குறேன்."

கருணாகரன் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவாமிகளிடம் கேட்காமல் பதில் சொல்லும் வழக்கத்தை ஊர் விட்டு வெகு நாளாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ருக்மணியும் வரிசையில் நின்றாள். ஊருக்கே ஆனந்தம், கடைசி நாத்திகியும் திருந்திவிட்டாளே! புத்தம்புதுச் சாவியை நீட்டி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "சாமி, மக கல்யாண நகையெல்லாம் கடையிலதான் வச்சிருக்கேன். நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள். சுவாமிகள் வழக்கத்தைவிட நன்றாகவே அழுத்தினார்.

வெள்ளி நண்பகல். பந்தலில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். ருக்மணியும் மூடினாள். மந்திரம் பாதியில் இருக்கும்போது தெருவிலிருந்து கூச்சல் கேட்டது. சுப்பையனும் கணபதியும் கலியாணசுந்தரத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கணபதி பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர், தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் சுவாமிகளின் சொற்பொழிவுகளிலிருந்து தப்பித்த ஒரே புத்திசாலி.

"இனி ஓராங் பெஞ்சூரி!" என்று கணபதி கத்தினார். இவன் திருடன் என்பதைப் புரிந்துகொள்ள கலியாணசுந்தரத்தின் முகமே போதும்.

"ருக்மணியக்கா கடைக் கதவுல சாவியைப் போட்டுத் திருகிக்கிட்டு இருந்தான். தொறக்கல. அக்கா சொன்னபடி நாங்க எதிர்ல சீனர் காப்பிக்கடைக்குள்ள இருந்து பார்த்துட்டோம்" என்றான் சுப்பையன்.

சுவாமிகள் சிரித்தார். "அது என் சீடனோட வீட்டுச் சாவி. திருடனே திருடனைப் பிடிச்சுட்டு வர்றான், பாருங்க!"

கூட்டம் தலையாட்டியது. இந்த ஒரு மாதத்தில் கூட்டம் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

ருக்மணி எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். பூட்டியிருந்தது.

"திங்கக்கிழமை பாசார்ல வாங்குனேன். இதை நான் எந்தக் கதவுலயும் மாட்டல. இந்தப் பைய விட்டு இது வெளிய வந்ததே இல்ல. இதோட சாவியைத்தான் சாமி கட்டுனாரு. அந்தச் சாவி இதோ, என் தாலிக்கொடியில கெடக்கு. இப்போ சீடர் வீட்டுச் சாவியைக் குடுங்க."

கலியாணசுந்தரத்தின் கையிலிருந்த சாவியைக் கருணாகரனே வாங்கினார். பூட்டில் விட்டார். திருகினார்.

பூட்டு திறந்துகொண்டது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுவாமிகளின் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மெழுகு கலந்த சந்தன உருண்டைகள் உருண்டு ஓடின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சாவியின் அச்சு, முதுகில் ஒரு கடையின் பெயர். காஜா பெராங் கடைத்தெரு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அடியில் பட்டுச் சேலைகள். ஜடையைப் பிடித்து இழுத்தபோது அதுவும் கையோடு வந்தது. மாத்தா மாத்தா வந்தார்கள். கொடி இறங்கப் போகிறதே என்று அவர்கள் தயங்கவில்லை.

கருணாகரன் பிடுங்கி வைத்திருந்த கடைச் சாவியைச் சுப்பையனிடம் நீட்டினார். "மனசுல வச்சுக்காதேடா."

சுப்பையன் கையை நீட்டவில்லை. "எத்தனையோ வருசம் உங்க கடையைத் தொறந்து பூட்டுனவன் நான், மொதலாளி. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா? நேத்து வந்தவன்கிட்ட சாவியையே குடுத்துட்டீங்க." சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். திங்கட்கிழமை முதல் அவன் ருக்மணி கடையில் வேலை பார்த்தான்.

சுவாமிகள் பிடிபட்ட மறுநாள் காலை ஒரு கடைக்காரர் ருக்மணியிடம் வந்தார். அவருக்குப் பெருங்கவலை.

"எல்லாம் சரிம்மா. இனி எங்க சாவிக்குப் பாதுகாப்பு? இனிமே யாருகிட்ட குடுத்துக் கட்டுறது?"

ருக்மணி அவரையே பார்த்தாள். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, உங்க சாவியைக் கேக்குறவன் எவனா இருந்தாலும், ஏன்டா கேக்குறேன்னு முதல்ல கேளுங்க. வெள்ளைக்காரன் போறான், நல்லது. உங்க மூளையைக் கையோட எடுத்துட்டுப் போறேன்னு அவன் சொல்லவே இல்லையே!"