வாஷர் மாமா படிக்கட்டைக் காலி செய்த கதை

உலகத்தில் கெட்டுப்போன பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதில் வாஷர் மாமாவுக்கு இருந்த நம்பிக்கை, பக்திமான்களுக்குக் கடவுளிடம்கூட இருக்காது. ஒரு சாமான் உடைந்து அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. முகம் மலர்ந்துவிடும். ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டதே என்ற சந்தோஷம்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், மயிலாப்பூர் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் மனைவி வசந்தியும். எதிரில் மாமாவும் மாமியும், இருபத்திரண்டு வருஷமாக. மாமாவின் நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. மாமியைக் கேட்கலாமென்றால், அவர் கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லாதவர். தபால்காரரே “வாஷர் சார், லெட்டர்!” என்றுதான் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

பெயர்க் காரணம் ஹவாய் செருப்பு. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பைக் கூராக்கி வைத்திருந்தார் மாமா. அறுந்த செருப்பின் மேல் அதை நிறுத்திச் சுத்தியலால் ஒரு போடு போட்டால், வட்டமாக ஒரு வாஷர் வந்து விழும். ஒரு ஜோடிச் செருப்பில் ஒரு தெருவின் குழாய் ஒழுகலையே நிறுத்திவிடலாம் என்பார். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பை வாசலில் விடத் தயங்குவார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் குனிந்து, “வார் தேஞ்சுண்டே வரதே சார், இன்னும் ஒரு மாசம் தாங்குமா?” என்று விசாரிப்பார். என் கால்மேல் அக்கறை என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் எல்லாச் சாமானும் ஓடும். எதுவும் தானாக ஓடாது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குடைக்கம்பால் ஒரு தள்ளு தள்ளினால்தான் மின்விசிறி சுற்றும். காலிங் பெல்லை அழுத்தினால் சத்தம் வராது, அடுக்களையில் ஒரு சிவப்பு பல்பு எரியும். மாமி அடுக்களையில் இருந்தால் கதவு திறக்கும். கூடத்தில் இருந்தால் வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான்.

“சத்தம் எதுக்கு சார்? நம்மாத்துல பெல் அடிச்சா நீங்கன்னா எழுந்து வரேள்” என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

கயிறோ ஒயரோ, எவ்வளவு நீளம் இருந்தாலும் வெட்டமாட்டார். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி வைப்பார். “வெட்டிட்டா அந்த ஒரு வேலைக்குத்தான் ஆகும். வெட்டாம வெச்சா எதுக்கு வேணும்னாலும் ஆகும்.” இந்த ‘ஆகும்’தான் அவருடைய மந்திரம்.

மந்திரம் உச்சத்துக்குப் போகும் நாள் போகி. ஊரே விடியற்காலையில் பழைய பாயையும் முறத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, மாமா மட்டும் கோணிப்பையோடு கிளம்பிவிடுவார். நெருப்புக்குள் கைவிட்டு எடுத்தார் என்றுகூடச் சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. நாங்கள் அங்கே போன முதல் போகிக்கு, கால் போன நாற்காலி ஒன்றை வசந்தி சந்துமுனையில் போட்டுவிட்டு வந்தாள். காணும் பொங்கலன்று அது எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நாலாவது காலுக்குக் கிரிக்கெட் ஸ்டம்ப்.

“உங்களோடதுதான் சார். தவறிப்போய்க் குப்பையில விழுந்துடுத்து போலருக்கு.”

வீடு நிரம்பியது. பிறகு வராந்தா நிரம்பியது. பிறகு படிக்கட்டு. கீழ்ப்படியில் பக்கெட்டுகள், நடுப்படியில் மின்விசிறி இறக்கைகள், மேல்படியில் சைக்கிள் சக்கரங்கள். மாடி ஏற வேண்டுமென்றால் ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். எனக்கு அப்போது எக்குவதற்கு வயிறு இல்லை, ஆகவே சமாளித்தேன்.

தண்ணீர் விஷயத்தில்தான் சமாளிக்க முடியவில்லை. அடிபம்பு கீழே இருந்தது. மார்கழியில் ஒரு காலை, இடுப்பில் நிறைகுடத்தோடு ஏறிக்கொண்டிருந்தவன் மின்விசிறி இறக்கையில் கால்வைத்தேன். நான் நாலு படி சறுக்கி நின்றேன். குடம் நிற்காமல் தெருவரைக்கும் போனது. சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய்க் குடத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“லேசாக் கீறல் விட்டுடுத்து. கவலப்படாதீங்கோ, ஒட்டித் தந்துடறேன்.”

என் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கே ஆபீசில் கெட்டியான நல்ல தாளாக எடுத்து, அடையாற்றில் இருந்த வீட்டுக்காரருக்கு ஒரு முழுப் பக்கம் புகார் எழுதினேன். பெயர் போடத் தைரியமில்லை. ‘இப்படிக்கு, மாடி ஏற முடியாத குடித்தனக்காரர்’ என்று முடித்துத் தபாலில் போட்டேன். போட்டதும் முழங்கால் வலிகூடக் குறைந்தது.

ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து, மாமா கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பொங்கலுக்குள் படிக்கட்டு காலியாக வேண்டும், இல்லாவிட்டால் வீடு காலியாக வேண்டும். சாமானை நகர்த்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேனே தவிர, வீட்டை விட்டே போகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். “எந்தப் புண்ணியவானோ எழுதிப் போட்டிருக்கான். நன்னா இருக்கட்டும். நீங்க கூட ஒக்காந்து, வேண்டாததை எல்லாம் பிரிச்சுப் போடச் சொல்லுங்கோ. நீங்க சொன்னா அவர் கேப்பார்.”

மாமி போனதும், விஷயம் தெரிந்த வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்களாப் போய்ச் சொல்லிடுறீங்களா, நான் சொல்லட்டுமா?”

“முதல்ல பிரிச்சுப் போடுறேன். அப்புறம் சொல்றேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன். ஆகும், ஒருவேளை ஆகும், ஆகாது. மாமா நல்ல பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு பல் தேய்க்கும் பிரஷை எடுத்தேன். அதில் ஒரு நார்கூட இல்லை.

“ஆகாது” என்றேன்.

“தையல் மிஷினுக்கு எண்ணெய் போட ஆகும்.”

“உங்க வீட்ல தையல் மிஷின் இல்லையே மாமா?”

“வந்தா?”

மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் காது, பெரிய முள் மட்டும் உள்ள கடிகாரம், எரிந்துபோன ட்யூப்லைட். எல்லாம் முதல் வட்டத்துக்கே போயின. நடுவில் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் தராசோடு மாடிக்கு வந்தார். மாமா அவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, அதிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

“இன்னா சார் இது? நான் வாங்க வந்தனா, விக்க வந்தனா? ஒண்ணியும் பிரியலியே!” என்று தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார் அவர்.

சாயங்காலம் வரைக்கும் மூன்றாவது வட்டம் சுத்தமாக இருந்தது. கடைசியில் மாமா சட்டைப் பையிலிருந்து வீட்டுக்காரரின் நோட்டீசை எடுத்து, “இது ஒண்ணுக்கும் ஆகாது சார்” என்று அதில் வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. முதல் வட்டத்துக்கு மாற்றிவிட்டார்.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. எங்களிடம் பேசவில்லை, அடுப்பிடம்தான் பேசினார். “இருபத்திரண்டு வருஷம் இங்கயே நின்னாச்சு. இனிமே இன்னொரு ஆத்துக்குப் போய், எந்த சுவிட்சைப் போட்டா எது எரியும்னு புதுசாக் கத்துக்கணுமா நான்?”

மாமா அதற்கப்புறம் எந்தச் சாமானையும் எடுக்கவில்லை. நான் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் கதவு தட்டப்பட்டது. மாமா கையில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். “சார், உங்காத்துல எதாவது ஒழுகறதா? கழண்டுண்டு இருக்கா?”

ஐந்து நாளில் அந்தச் சந்தில் ஒரு வீட்டையும் அவர் விடவில்லை. யாருக்கு என்ன உடைந்திருந்ததோ அதற்குத் தன்னிடமிருந்து ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். உடையாததற்கும் முன்ஜாக்கிரதையாக ஒன்றைப் பொருத்தினார். காசு வாங்கவில்லை. கீழ் போர்ஷன் கதவுக்குக் குக்கர் கைப்பிடி வந்தது. எதிர்வீட்டுக் கொடிக்கம்பி சைக்கிள் சக்கரத்தில் தொங்கியது. எங்கள் கழிவறையில் மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் சங்கிலி அறுந்து ஒரு வருஷமாகியிருந்தது. அதற்கு ஒரு பழைய ஸ்கூட்டர் கிளட்ச் ஒயரைக் கட்டி, மிச்சத்தைச் சுருட்டி முடிந்து, நுனியில் ஒரு பம்பரத்தையும் மாட்டிவிட்டார். ஒரு இழுப்பு இழுத்தால் அருவி கொட்டியது. ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் ஒரு தாளில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

போகியன்று படிக்கட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது. மாமா கோணிப்பையை எடுக்கவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். கீழ் போர்ஷன்காரர் ஒரு மர ஸ்டூலைத் தூக்கி நெருப்பில் போட்டபோது மாமாவின் கை தானாக நீண்டது. மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொங்கலன்று, கபாலீஸ்வரர் கோயிலுக்கு வந்த வீட்டுக்காரர் விபூதி நெற்றியோடு அப்படியே இங்கே வந்தார். படிக்கட்டில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மாமி கைகூப்பி நின்றார்.

“காலி பண்ணிட்டீங்க, சரி. நான் போனதும் திரும்ப அடுக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? எனக்குப் பிரச்சினையே வேண்டாம் சார். நீங்க வேற இடம் பாத்துக்குங்க.”

மாமா தலையை மட்டும் ஆட்டினார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் கீழே போய் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார். கிளட்சைப் பிடித்தார். படக்கென்று ஒயர் அறுந்தது.

பொங்கலும் அதுவுமாக மெக்கானிக் கடை எதுவும் திறந்திருக்காது. வீட்டில் பொங்கப்பானை வைக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் தவித்தார். “சார், உங்ககிட்ட இல்லாத சாமானா? ஒரு கிளட்ச் ஒயர் கிடைக்குமா?” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். எல்லோரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தோம். அதுதான் பளபளவென்று இருந்ததே.

“இருந்தது” என்றார் மாமா. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினேன். மாமாவும் பின்னாலேயே வந்து முடிச்சை அவிழ்த்தார். வெட்டாமல் சுருட்டி வைத்திருந்த ஒயர் முழு நீளத்துக்கும் அப்படியே இருந்தது. கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பியது. வீட்டுக்காரர் கொஞ்ச தூரம் போய், நிறுத்தி, திரும்பிப் பார்த்தார்.

“சரி சார், இருங்க. படியில மட்டும் ஒண்ணும் வெக்காதீங்க.”

மாமி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். வசந்தி எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை அவர் கையில் வைத்தாள். நான் விட்ட பெருமூச்சில் மாமா வீட்டு மின்விசிறி குடைக்கம்பு இல்லாமலே சுற்றியிருக்கும். எங்கள் கழிவறைத் தொட்டி பழையபடி ஓடாமல் நின்றுவிட்டது. அதைப் பற்றி எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். தொட்டிக்கு வேறு ஒரு கயிறு கட்டினார். பிறகு பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல். அதில் ‘ரெண்டாவது போர்ஷன், கிளட்ச் ஒயர்’ என்பதை அடித்துவிட்டு, ‘கயிறு’ என்று எழுதினார். காற்றில் தாள் புரண்டது. மறுபக்கத்தில் என் கையெழுத்து. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பித்து, ‘மாடி ஏற முடியாத குடித்தனக்காரர்’ வரைக்கும். வீட்டுக்காரர் கொடுத்த கவரில் இதுவும் இருந்திருக்கிறது. மாமாவின் ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவனே நான்தான். என் எழுத்து அவருக்குத் தெரியாதா?

“மாமா…” என்றேன்.

“நல்ல கெட்டித் தாள் சார். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தேள். பின்பக்கம் அப்படியே காலியா இருந்தது” என்றார் மாமா. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “முட்டி ஆறிடுத்தா? அன்னிக்கே கேட்டிருக்கணும், கொடத்தப் பாத்துண்டு நின்னுட்டேன். மாமிக்கு ஒண்ணும் தெரியாது, பயப்படாதீங்கோ.”

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் தி.நகருக்குக் குடிபோனபோது, அந்தத் தாளை என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். அதற்கப்புறம் மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் கட்டுக்கட்டாகக் காகிதங்களை ஒழித்துப் போட்டிருக்கிறாள் வசந்தி. இந்தத் தாள் கைக்கு வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிற்பாள். பென்சில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மறுபடி அலமாரியில் பத்திரப்படுத்திவிடுவாள்.