பன்னிரண்டு பேரின் வேலைநிறுத்தம்

வரவு இடாப்பில் கையெழுத்தும் வைக்க வேண்டும், வேலைநிறுத்தமும் செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்கே உப்புவெளியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த தோழர் கனகசுந்தரத்துக்கு இருந்த சிக்கல் இவ்வளவுதான்.

அது எண்பதாம் ஆண்டு ஆடி மாதம். நாடு முழுவதும் வேலைநிறுத்தம் என்று தொழிற்சங்கங்கள் அறிவித்திருந்தன. வேலைக்கு வராதவர் பதவியை விட்டு நீங்கியவராகவே கருதப்படுவார் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசாங்கக் களஞ்சியக் கந்தோரில் கனகசுந்தரம் கணக்கு எழுதும் இலிகிதர். அங்கிருந்த பன்னிரண்டு பேர் கொண்ட சங்கக் கிளைக்குச் செயலாளரும் அவர்தான். பென்சனுக்கு இன்னும் நாலு வருடம் கிடந்தது. செயலாளர் பதவி, பென்சன் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

லேசுப்பட்ட பேச்சாளர் அல்ல அவர். திறந்த பொருளாதாரம் என்று சொல்லிக் கடைத்தெருவில் ஜப்பான் ரேடியோவும் அப்பிள் பழமும் வந்து இறங்கிய நாளிலிருந்து, தேநீர் நேரம் முழுவதும் அவருடைய நேரம்தான். "அப்பிளைக் காட்டி அரிசிக் கூப்பனைப் பறிச்சவங்கள். சனம் சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுது" என்பார். அவர் வீட்டிலும் ஒரு கசற் ரேடியோ இருந்தது. மனைவி வள்ளிநாயகி அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். தோழர்கள் வந்தால் அது தையல் பெட்டி.

இந்தப் பேச்சுகளை அதிகம் கேட்டவர் பியோன் அப்துல் மஜீத். வெறுங்கோப்பைகளை எடுக்க வருபவர், பேச்சு முடியும்வரை நிற்க வேண்டியிருக்கும். கிண்ணியாக்காரர். ஐம்பது வயது, ஆறு பிள்ளைகள். எதைச் சொன்னாலும் "ஓம் ஐயா" என்பதோடு சரி. சங்கத்தில் பன்னிரண்டாவது ஆள் அவர்தான்.

அன்றும் வழக்கம்போலக் கந்தோரைத் திறந்து, இடாப்பை மேசையில் விரித்து, பக்கத்தில் மைப்பேனாவையும் வைத்துவிட்டு மஜீத் நின்றார்.

"என்ன ஐயா, இண்டைக்கு ஸ்ட்ரைக் எண்டீங்க?"

"ஓம், ஓம். தலைமை தாங்கிறவன் முதல் வரவேணும்தானே."

கனகசுந்தரத்தின் கண் பேனாவில் இருந்தது. இந்த மனிதர் முன்னால் எப்படிக் கையெழுத்து வைப்பது? பையில் மடித்து வைத்திருந்த செங்கொடியை எடுத்தார்.

"மஜீத், உமக்கு ஒரு பெரிய பொறுப்புத் தாறன். இதைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நில்லும். ஆர் வந்தாலும் அசையக் கூடாது."

"அப்ப நான் இடாப்பில கையெழுத்து வைக்கத் தேவையில்லையா?"

"என்ன கதை கதைக்கிறீர்? வச்சால் ஸ்ட்ரைக்கைக் காட்டிக்கொடுத்த கருங்காலி எல்லே!"

"ஓம் ஐயா" என்று சொல்லி மஜீத் கொடியோடு வாசலுக்குப் போனார்.

கனகசுந்தரம் கையெழுத்து வைத்தார். மை காய்வதற்குள் பின்கதவு கிறீச்சிட்டது. வேறு வழி தெரியாமல் இடாப்பைத் திறந்தபடியே கதிரையில் போட்டு அதன்மேல் அமர்ந்துகொண்டார்.

உள்ளே வந்தவர் உபசெயலாளர் குணரத்தினம்.

"தோழர், நீங்கள் இஞ்ச...?"

"கருங்காலி ஆரும் உள்ளுக்க இருக்கிறானோ எண்டு பாக்க வந்தனான். நீங்கள்?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் கருங்காலியைத் தேடினார்கள். குணரத்தினம் மேசைகளுக்குக் கீழே குனிந்தார். அலுமாரியைத் திறந்து மூடினார். கனகசுந்தரம் இருந்த இடத்திலிருந்தே வழி காட்டினார்.

"எழும்பி அந்தப் பக்கம் பாருங்கோவன், தோழர்."

"முழங்கால் பிடிச்சிட்டுது. நீங்களே பாருங்கோ."

"இடாப்பைக் காணேல்லையே?"

"அதை ஏன் தேடுறீங்கள்?"

குணரத்தினம் அலுமாரியை மறுபடி திறந்தார். "ஆராவது கையெழுத்து வச்சிருந்தால் பிடிக்கலாமெண்டுதான்."

"ஒருத்தரும் வைக்க ஏலாது. நான் அதைக் கைப்பற்றிட்டன். அதுக்கு மேலதான் இருக்கிறன்."

"ஐயோ, அது அரசாங்கச் சொத்து, தோழர்! மேசையில வச்சிடுவம்." குணரத்தினத்தின் குரல் அழுகைக்குக் கிட்ட வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பிரதம இலிகிதர் ஸைனுலாப்தீன் வந்தார். அவர் சங்கத்தில் இல்லாதவர், அதிகம் பேசாதவர். கனகசுந்தரத்தை எழுப்பி, இடாப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு கனகசுந்தரத்தின் வெள்ளைக் காற்சட்டையின் பின்புறத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வெளியில போங்கோ" என்றார்.

வெளியே வந்து தடவிப் பார்த்தபோதுதான் கனகசுந்தரத்துக்கு விளங்கியது. கையெழுத்தில் பாதி காற்சட்டைக்கு வந்துவிட்டது. இடாப்பில் மிஞ்சியது ஒரு நீலக் கறை. கறைக்குச் சம்பளம் கொடுப்பார்களா, பென்சன் கொடுப்பார்களா? திரும்பவும் உள்ளே போய்த் தெளிவாக எழுதியாக வேண்டும்.

எட்டு மணிக்குத் தோழர்கள் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கிக்காரனிடம் இருந்ததெல்லாம் சினிமாப் பாட்டு.

"தொழிலாளர் பாட்டு ஒண்டும் இல்லையோ?" என்று கனகசுந்தரம் மதிலில் முதுகை ஒட்டியபடி அதட்டினார்.

"வண்டிக்காரன் பாட்டு ஒண்டிருக்கு ஐயா. அதுவும் சோடியாத்தான் பாடுறாங்கள்."

போராட்டம் காதல் பாட்டோடு தொடங்கியது. மதிலை விட்டு அசையாமலே கனகசுந்தரம் முழங்கினார். ஏகாதிபத்தியம் ஒழிய வேண்டும் என்றார். கூப்பன் அரிசி திரும்ப வேண்டும் என்றார். தொண்டை வறண்டதும், "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து உள்ளே போய், பிரதம இலிகிதர் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் கறைக்கு மேல் அழுத்தி எழுதிவிட்டு வந்தார்.

அவர் வந்ததும் குணரத்தினத்துக்குத் தாகம் எடுத்தது. பிறகு சிவகுருவுக்கு எடுத்தது. அன்றைய வெயிலில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் தாகம். பின்னேரம் நாலு மணிக்கு, வெளியேறும் கையெழுத்து வைக்கிற நேரத்துக்கு, அந்தத் தாகம் மறுபடி எல்லாரையும் ஒன்றாகவே பிடித்துக்கொண்டது.

பொலிஸ் ஜீப் வந்ததும் சரியாக அப்போதுதான். பதினொரு பேரும் உள்ளே தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்றார்கள். வாசலில் மஜீத் மட்டும் நின்றார். கொடியைக் கீழே போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. ஒருவன் பிடரியில் தள்ளினான். விழுந்து எழும்பி அதே இடத்தில் நின்றார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஜன்னலால் அதைப் பார்த்த கனகசுந்தரம், "விசர் மனிசன்" என்று முணுமுணுத்தார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. இந்தக் கந்தோரில் ஒருவர் பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுகிறார் என்று ஸைனுலாப்தீன் வாசித்ததும் கனகசுந்தரம் முந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"சேர், அண்டைக்கு என்ர கையெழுத்து... கறை மாதிரித் தெரியும், ஆனால்..."

ஸைனுலாப்தீன் இடாப்பை எல்லாரும் பார்க்க விரித்துப் பிடித்தார். பதினொரு கையெழுத்து வரிசையாக இருந்தது. பன்னிரண்டாவது வரி வெறுமையாகக் கிடந்தது. தோழர்கள் பதினொரு பேரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"உங்கட வேலைநிறுத்தம் நூற்றுக்கு நூறு வெற்றியாம், சங்கத் தலைமைக்கு அறிக்கை போயிருக்கு" என்றார் ஸைனுலாப்தீன். "ஆர் எழுதினது?"

செயலாளர் மறுபடி தன் செருப்பைப் பார்த்தார்.

அன்று மாலையே சங்கக் கிளை கூடி, அப்துல் மஜீத்தின் பதவி நீக்கத்தை வன்மையாகக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கண்டிப்பதற்கு யாருக்கும் தாகம் தடையாக இருக்கவில்லை.

கனகசுந்தரத்துக்கு அதோடு விட முடியவில்லை. கொடியைக் கையில் கொடுத்தது அவர்தானே. இரவல் மூளையில் நின்ற அப்பாவியைத் தெருவில் விட்டுவிட்டோமே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஒரு மேன்முறையீட்டை எழுதினார். 'நான் படிப்பறிவு குறைந்தவன். வேலைநிறுத்தம் இன்னதென்று அறியாமல், பிறர் சொல் கேட்டு நின்றுவிட்டேன். கருணை கூர்ந்து மன்னிக்க வேண்டும்.' ஞாயிற்றுக்கிழமை தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போனார்.

மஜீத் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியை வைத்துவிட்டுக் கதிரை எடுத்துப் போட்டார். மனைவி நபீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவடியில் நின்றாள். கனகசுந்தரம் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார்.

"இதில ஒரு கையெழுத்து வையும், மஜீத். ஒண்டும் தெரியாமல் நிண்டனான் எண்டு சொன்னால் விட்டிடுவாங்கள். ஆறு பிள்ளையள், யோசியும்."

"யோசிச்சிட்டன் ஐயா." மஜீத் கடிதத்தை வாங்கி, கசங்காமல் மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியாமல் நிண்டனான் எண்டு எழுத ஏலாது ஐயா. நீங்க பதினொரு பேரும் ஒவ்வொராளாப் போய்க் கையெழுத்து வைச்சதை வாசல்ல நிண்டு பாத்த பிறகுதானே, ஆராவது ஒராள் வேலைநிறுத்தம் செய்யவேணுமெண்டு நான் நிண்டனான்."