அத்தான், உங்கள் பரிசோதகர் கடையை மூடினால்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
ஐப்பசி 2006

பெருமதிப்புக்குரிய சண்முகலிங்கம் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் குலசேகரம் பணிவுடன் எழுதுவது. நானும் சிறிதேவியும் இங்கே சுகம். ஹம்மர்பெஸ்ட் குளிருக்குள்ளும் நீங்களும் அக்காவும் நலமாய் இருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக. நீங்கள் அனுப்பிய காய்ந்த மீன் வந்து சேர்ந்தது. அது வந்த செய்தி எங்கள் தெரு முழுவதற்கும் உடனேயே தெரிந்துவிட்டது.

நீங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டப் போவதாக அக்கா தொலைபேசியில் சொன்னா. நல்ல விஷயம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை வாசியுங்கள். இந்த நாட்டில் கட்டிய வேலை சரியா என்று பார்க்க, கொம்யூன் என்கிற நகரசபை தன் ஆளை அனுப்புவதில்லை. அனுமதி பெற்ற தனியார் பரிசோதகர் ஒருவரை நாமே பிடிக்க வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் கொம்யூன் முடிவுச் சான்றிதழ் தரும். சிறிதேவி இவ்வளவு காலமும் பிறருடைய பாலர் பாடசாலையில் உதவியாளாய் நின்றவள். எங்கள் வீட்டிலேயே சின்னதாய் ஒன்று நடத்த வேண்டும் என்பது அவளுடைய கனவு. அதற்குத்தான் குளியலறையோடு ஓர் அறை கட்டினோம். தெரு முனையில் இருக்கும் என் சகலன் மகேசனும், அதாவது சிறிதேவியின் தங்கை மங்களேஸ்வரியின் புருஷனும், அதே காலத்தில் விருந்தினருக்கென்று ஓர் அறை கட்டினார். அவர் கட்டத் தொடங்கியதற்கும் நான் தொடங்கியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வளவில் சீமெந்து இறங்குவது எங்கள் குசினி யன்னலால் தெரிந்தது, அவ்வளவுதான்.

மகேசன் பெரிய நிறுவனமொன்றில் பரிசோதகரைப் பிடித்தார். நான் பிடித்தது ஓலாவ் என்ற தனி மனிதரை. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, கந்தோர் அவர் ஓட்டி வரும் வான். நல்ல மனுஷன். அத்திவாரத்தையும் மரச்சட்டத்தையும் தட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, சிறிதேவி பொரித்த ரோல்ஸைப் பரிசோதிக்கவே நெடுநேரம் எடுத்துக்கொள்வார். குளியலறையில் நீர் புகாத தாள் விரித்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னவர் வரவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் டைல்ஸ் ஒட்டியவர் ஒரே போலந்துக்காரர். மகேசன் வீட்டில் ஒட்டி முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓலாவ் வராவிட்டால் என்ன, சுவரை மூடுங்கள் என்றேன். பிறகு ஓலாவுக்குத் தொலைபேசி எடுத்தால், "நான் தொழிலை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் இனிய கோடை" என்று பதிவு செய்த குரல் சொல்கிறது. ஆள் முழங்கால் நோவோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே மகேசனுக்குச் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டி, எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக அதற்கு முன் நிறுத்திக் காட்டினார். எனக்கு மட்டும், "அண்ணை, உங்கடை இன்னும் வரேல்லையோ?" என்று மெல்லமாய்க் கேட்டார். ஆட்டிறைச்சிக் கறி அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது வாயில் ஈரச் சீமெந்து மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்றேன். சிறிதேவி கேட்கவில்லை. அடுத்த நாள் காலையே கொம்யூனுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பரிசோதகர் போனாலும் பொறுப்பு போகாதாம். வீட்டுக்காரர் நாங்கள்தானாம் பொறுப்பு. முதல்லை எழுத்திலை அறிவிக்கோணும். ஓலாவ் பாத்ததுகளை வாங்கி வைக்கோணும். பிறகு அனுமதி உள்ள புது ஆளைப் பிடிச்சு, அவரின்ரை பேரையும் அறிவிக்கோணும். அதுவரைக்கும் அந்த அறையைப் பாவிக்கக் கூடாதாம்."

"நான் அங்கை குளிக்கிறனான்," என்றேன்.

"அதை நான் அவைக்குச் சொல்லேல்லை."

அத்தான், இந்த நாலையும் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஓலாவ் குறை சொல்ல முடியாதவர். தான் பார்த்தவற்றின் படங்களையும் குறிப்புகளையும் ஸ்பெயினிலிருந்து அனுப்பிவைத்தார். ஆனால் குளியலறையை அவர் பார்க்கவேயில்லையே. புதிதாய்க் கேட்ட பரிசோதகர் எல்லோரும், மற்றவர் பாதியில் விட்ட வேலைக்கு, அதுவும் மூடின சுவருக்கு, கையெழுத்து வைக்க மாட்டோம் என்றார்கள். ஆவணி பிறந்துவிட்டது. பிள்ளைகளைத் தருவதாகச் சொன்ன தாய்மார் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். சிறிதேவி வாங்கி வைத்த குட்டிக் கதிரைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். அதைப் பார்க்க முடியாமல்தான் மகேசன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"உங்கடை பரிசோதகரின்ரை நம்பரைத் தாரும் தம்பி," என்றேன்.

"அதுக்கென்ன அண்ணை. நானே கதைக்கிறன். நான் சொன்னால் இங்கெபோர்க் வருவா."

வந்தா. மகேசனும் ஏதோ திறப்பு விழாவுக்கு வருவதுபோலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இங்கெபோர்க் சுற்றிப் பார்த்துவிட்டு, தரையையும் சுவரின் அடியையும் உடைக்க வேண்டும் என்றா. நான் மகேசனுடையதைவிட ஒரு படி மேலாகத் தேடி வாங்கிய டைல்ஸ் என் கண் முன்னால் நொறுங்கியது. தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்து மூலையில் அந்தத் தாள் ஒட்டவில்லை. கீழே மரம் ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தது. இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் பிள்ளைகளோடு தரை இறங்கியிருக்கும் என்றா அவ. சிறிதேவி என் பக்கம் திரும்பினாள்.

"மகேசனுக்குப் பிந்தக் கூடாது எண்டு, தாள் ஒட்டேக்கை அந்தப் போலந்துக்காரரை அவசரப்படுத்தினது ஆர்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு நினைவில்லை என்றேன்.

ஆனால் அத்தான், அந்த நேரத்தில் நான் மகேசனின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. அதே போலந்துக்காரர் அல்லவா. சான்றிதழ் சுவரில் தொங்கினால் தரை காய்ந்துவிடுமா. மறுநாளே அவர் தன் குளியலறையையும் உடைப்பித்தார். உறவு என்றால் கூட நிற்க வேண்டுமே என்று நானும் போய் நின்றேன். கோயிலில்கூட நான் அப்படிக் குனிந்து கும்பிட்டதில்லை. ஒரு துளி, ஒரேயொரு துளி ஈரம் இருந்தால் போதும் என்று வேண்டினேன். அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. போலந்துக்காரர் அங்கே அவசரப்படாமல், தாளை இரண்டு மடிப்பாய் ஒட்டியிருக்கிறார். மகேசன் சிரித்தார். உடைத்தது உடைத்ததுதான் என்று முன்னதைவிட நல்ல டைல்ஸ் போட்டுவிட்டார்.

நாங்களும் எல்லாவற்றையும் திருத்தினோம். இந்த முறை மூடுவதற்கு முன் இங்கெபோர்க் பார்த்துக் கையெழுத்து வைத்தா. சான்றிதழும் வந்தது. தாய்மாரில் ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் காத்திருந்தார்கள். இப்போது காலையில் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றும் சத்தத்தில்தான் நான் எழும்புகிறேன். சிறிதேவி பாடிக்கொண்டு பால் ஊற்றுகிறாள். அவளை இவ்வளவு சந்தோஷமாய் நான் கண்டதில்லை. அதைப் பார்த்த பிறகு, மகேசன் தன் வீட்டைத் தங்கத்தால் மெழுகினாலும் எனக்கு ஒன்றுமில்லை. பொறாமை என்பது என்னை விட்டு நீங்கிவிட்டது. நீங்களும் ஆற அமர, நல்ல பரிசோதகரைப் பிடித்து, அவர் கடையை மூடினாலும் கலங்காமல், ஆசைப்பட்டபடி கட்டுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் சுவர்கள் காய்ந்தும் மனங்கள் குளிர்ந்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும்
குலசேகரம்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரம் சிறிதேவி வந்து, "உங்கடை அக்கா சொன்னவ, அவையின்ரை அறைக்குக் கண்ணாடிக் கூரையாம். படுத்திருந்தே துருவ ஒளி பாக்கலாமாம்" என்கிறாள். இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அத்தான், கட்ட வேண்டாம். ஹம்மர்பெஸ்ட் பனிக்குக் கண்ணாடி தாங்காது, அங்கே நம்பத் தகுந்த பரிசோதகரும் கிடைக்கமாட்டார். குறைந்தது அடுத்த வருடம் வரையாவது பொறுங்கள். கண்ணாடி எந்தக் கடையில் எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும். சும்மா அறிவதற்காகத்தான். இங்கெபோர்க் திங்கட்கிழமை வந்து எங்கள் கூரையைப் பார்க்கிறா.