அவர் நடந்த என் நடை

இருட்டியதும் மொட்டை மாடியில் தப், தப் என்று சத்தம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, துடைப்பமும் கையுமாகப் படியேறினேன். பள்ளியில் சிஸ்டர்கள் கற்றுத்தந்த ஜெபத்தில் பாதிதான் ஞாபகம் வந்தது.

திருடன் இல்லை. என் கணவர். விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் என் பட்டை.

அந்தப் பட்டையும், கழுத்தில் மாட்டும் குட்டிப் பெட்டியும் நான் கர்ப்பமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வுக்காகத் தந்தவை. பட்டை நடையை எண்ணும். பெட்டி காற்றில் உள்ள தூசி, புகையைக் குறித்துக்கொள்ளும். வெள்ளிதோறும் நர்ஸம்மா வந்து பார்ப்பார். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். வெளியே ஒரே புகை என்று பயந்து நான் வாசல்படி தாண்டவில்லை. கட்டில் காலுக்கும் என் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பட்டை குழம்பியிருக்கும்.

"என்னங்க இது?"

"நர்ஸம்மா உன்னைத் திட்டுவாங்கல்ல. உனக்காக நான் நடக்கறேன்."

உருகியிருப்பேன். ஆனால் அவர் வாயில் புதினா மிட்டாய் வாசனை. நான் உண்டானதும் சிகரெட்டை விட்டதாகச் சத்தியம் செய்தவருக்கு மாடியில் எதற்கு மிட்டாய்?

கேட்கவில்லை. "பட்டை மட்டும் நடந்தா சந்தேகப்படுவாங்க. பெட்டியையும் மாட்டிக்குங்க" என்று தினமும் நானே போட்டுவிட்டேன். பதக்கம் வாங்குகிறவர் மாதிரி கழுத்தை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நடை பிரமாதம்மா. ஆனா தினம் ஏழரைக்குப் புகை எகிறுதே. பால் குடுக்கறவ, சிகரெட் பிடிக்கறியா?"

நான் தலைகுனிந்தேன். ஓரக்கண் மட்டும் கணவர் மேல்.

கணவர் மிட்டாயை முழுசாக விழுங்கினார். "அவ இல்லீங்க. நான்தான்."

"பெட்டி அவ கழுத்துலல்ல இருந்துச்சு?"

"அதுவும் நான்தான்."

"அப்போ நடந்தது?"

"நான்தான்."

"பெத்தது மட்டும் அவளா?"

நடந்தது, நடித்தது எல்லாம் ஒப்புக்கொண்டார். சிகரெட் பாக்கெட்டை அவரே குப்பையில் போட்டார். தெருப் புகைக்குப் பயந்து நான் அடைந்து கிடக்க, அது அவர் சட்டைப் பையிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

வென்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். "நாளையிலருந்து காலைல, வண்டிங்க கிளம்பறதுக்கு முன்னாடி, நீ தெருவுல நட. பிள்ளைய அப்பா பாத்துப்பாரு" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் செருப்பை மாட்டினேன்.

"அழுதான்னா?"

"தூக்கிக்கறேன்."

"தும்மினா?"

"துடைக்கறேன்."

"எனக்குப் பயமா இருந்தா?"

"நடந்துகிட்டே பயப்படு."

ஒரு காலை வெளியே வைத்தேன். மற்றதும் வந்து சேர்ந்த அந்த நொடியே, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.