அமாவாசைக்குப் பூட்டிய தீவு

சந்தேகம் ஒரு வியாதி என்றால், அந்த வியாதிக்குச் சம்பளம் வாங்கியவன் நான். 2008-ல் கடலூரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காக விலாசம் சரிபார்க்கிற வேலை. லோன் கேட்டவர் சொன்ன தெருவில் சொன்ன வீடு இருக்கிறதா, அந்த வீட்டில் அவர்தான் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்று வருஷத்தில், எங்கம்மா "சாம்பார்ல உப்பு போட்டுட்டேன்டா" என்றால்கூட ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

பெண் பார்க்கப் போன முதல் வீடு அந்த வியாதியை முற்றவைத்தது. நான் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எங்க வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, சோபாவ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்திருந்த சோபா!

அடுத்து வந்தது சிதம்பரத்துச் சம்பந்தம். பாத்திரக்கடை நடராஜன் சாரின் மகள் கவிதா. போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. (பிடித்துப்போனதே முதல் சந்தேகம்.) வீட்டில் பார்த்தால் சோபா, கோயிலில் பார்த்தால் கூட்டம். அதனால், "பிச்சாவரம் பக்கம் தீவுல ஒரு பார்க் இருக்காமே, அங்க பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். நாலாபுறமும் தண்ணி, சுற்றிச் சுரபுன்னைக் காடு. யாரும் எதையும் இரவல் வாங்கி வந்து வைக்கமுடியாது.

நடராஜன் சார் ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன். "தம்பி, கடலூர் ஆர்பர்ல ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம். பார்க்கையே மூடிட்டாங்க." வெளியே வந்து பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னேன். "செவ்வாக்கெழம வார லீவு தம்பி." சரி என்று எங்கம்மா காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து, நிறைந்த அமாவாசையில் நாள் குறித்தாள். அதற்கும் போன். "அமாவாசையில தண்ணி ரொம்ப எறங்கிப்புடும் தம்பி. படகு போவாது, பூட்டிடுவாங்க."

அமாவாசைக்கு லீவு விட அது என்ன பார்க்கா, பலசரக்குக் கடையா? மூன்று தேதி, மூன்று சாக்கு. பெண்ணுக்கு இஷ்டமில்லையோ? அல்லது போட்டோவில் இருப்பது வேறு யாரோ ஒருத்தியோ? இதற்கு நடுவில், "ஆவணிக்குள்ள முடிவு சொல்லலன்னா வேற எடம் பாத்துக்குவோம்" என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணை விடவும் மனசில்லை, நம்பவும் மனசில்லை. அமாவாசையன்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன், சரிபார்க்க.

கரையில் மாணிக்கம் என்ற மீன்காரப் பெரியவர் தன் சின்னப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும், "பார்க்கு இன்னிக்கு லீவு தம்பி" என்றார். (இவரையும் சரிக்கட்டிவிட்டார்களா!)

"நீங்க நடராஜன் சாரோட ஆளா?"

"எந்த நடராஜன்? நான் என் பொண்டாட்டிக்கே ஆளு இல்ல, போப்பா."

கெஞ்சிக் கூத்தாடி ஏறினேன். தீவில் இறங்கினால், கேட்டில் பூட்டு. 'இன்று விடுமுறை' என்று போர்டு. எனக்காக எழுதியதோ என்று பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். காய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அப்படியும் விடவில்லை, பின்பக்கம் ஏதாவது வழி திறந்திருக்கிறதா என்று வேலியைச் சுற்றி வந்தேன். "தம்பி, தண்ணி எறங்குது, வா!" என்று பெரியவர் மூன்று முறை கூப்பிட்டார். அவசரப்படுத்தினால் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகும்.

திரும்பும் வழியில், கரைக்கு ஐம்பதடி இருக்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளலாமென்று வீராப்பாக இறங்கினேன். தொடைவரை உள்ளே போனேன். ஒரு செருப்பு போயே போச்சு. பெரியவர் என்னை இழுத்துப் படகில் போட்டுவிட்டு, "சாயங்காலம் நீரு ஏறுனாத்தான்" என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

செல்போனை எடுத்தேன்.

"ஹலோ... மாமா?" அதுவரை அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

"யாருங்க?"

"நான்தான் மாமா, கடலூர்."

"சொல்லுங்க தம்பி. எங்க இருக்கீங்க?"

"தீவுக்கும் கரைக்கும் நடுவுல."

"அங்க இன்னிக்கு லீவுன்னு சொன்னனே தம்பி?"

"ஆமா மாமா. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

முக்கால் மணி நேரத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்சீட்டில் மாமா; அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டி வந்தது கவிதா. போட்டோவில் இருந்த அதே பெண். அதற்குள் கரையில் வலை காயப்போட வந்தவர்கள், நண்டு பிடிக்க வந்தவர்கள் என்று பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பொது இடத்தில் பார்க்கவேண்டும் என்று கேட்டவன் நான்தானே!

"எதுக்கு வந்தீங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு!"

"எங்கப்பா பொய் சொல்றாரான்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "ஆமாம்மா! நான் உங்கப்பா ஆளான்னுகூட விசாரிச்சாரு!"

"கடலோர ஊர்க்காரர்தான நீங்க? அமாவாசையில தண்ணி எறங்கும்னு தெரியாது?" என்றாள் கவிதா.

"நான் டவுன்ல படிச்சேங்க!"

கரையே சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டது. (கப்பலுக்கு மட்டும் தண்ணி இருந்தது போல.) முட்டிக்கு மேல் சேறு காய்ந்து இறுக, சாயங்காலம்வரை அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் படகின் அடிப்பலகையைப் பார்த்தேன்.

இனிமேல் இந்தச் சம்பந்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் வந்தேன். நான்காம் நாள், "பொண்ணுக்குச் சம்மதம்" என்று போன் வந்தது. ஆவணியில் கல்யாணம். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மாமா ஆரம்பித்துவிடுவார்: "எங்க மாப்ள பொண்ணு பாக்க வரல. நாங்கதான் போயி, சேத்துல மாப்ள பாத்துட்டு வந்தோம்."

ஏன் சம்மதித்தாய் என்று ஒருநாள் கவிதாவிடம் கேட்டேன். "எங்கப்பாவ நம்பாதவருதான், ஆனா ஆபத்துன்னதும் மொத ஆளா அவருக்குத்தான போன் பண்ணீங்க? அது எனக்குப் போதும்" என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணி நின்றது.

அவருக்கு முன்னால் நான்கு பேருக்குப் போன் பண்ணினேன், ஒருத்தனும் எடுக்கவில்லை என்பதை அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை.