இரவல் சோபாவும் மிஸ் ஹாரப்பும்

மதிப்பிற்குரிய குழந்தைகள் நலத்துறைப் புகார் அதிகாரி அவர்களுக்கு,

யார்க்‌ஷயரிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நார்மன் ஓல்ட்ராய்ட் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே விடாத மழை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் லீயானுக்குக் குடிப்பழக்கம். அவள் மகள் ஹெட்டிக்கு நாலு வயது. குழந்தை இப்போதைக்கு வேறு யாரோ நல்லவர்கள் வீட்டில் இருக்கிறாள். அவளை வளர்க்க நானும் என் மனைவி பெரிலும் லாயக்கா என்று பார்க்க, உங்கள் அலுவலகம் மிஸ் ஹாரப் என்ற அம்மாவை அனுப்பியது. லாயக்கில்லை என்று அவர் எழுதிவிட்டால் ஹெட்டி ஒரேயடியாக வேற்று வீட்டுப் பிள்ளையாகிவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதுவும் வந்தால்தான்.

முதல் நாளே அந்தம்மா, உங்களுக்கு முடியாமல் போனால் உதவிக்கு யார் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாங்கள் உண்டு எங்கள் வேலை உண்டு என்று இருப்பவர்கள், யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டதில்லை என்றேன். எங்கள் ஊரில் ஒரு மனிதன் தன்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். “மிஸ்டர் ஓல்ட்ராய்ட், இதை நான் ‘இவங்களுக்கு யாருமே இல்ல’ன்னுதான் எழுதியாகணும். எழுதட்டுமா, இல்ல அடுத்த தடவை யோசிச்சு சொல்றீங்களா?” என்றார். அன்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இது முதல் புகார்.

யோசித்தேன். வீடு பார்வையாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். எங்கள் சோபாவில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கிறது, ஆகவே எதிர்வீட்டு டோரீனின் புது சோபாவை, அவள் புருஷன் கிளிஃபோர்டும் நானும் மழையில் நனைந்துகொண்டே தூக்கி வந்தோம். “யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்லன்னு சொல்லிட்டு, எதிர்வீட்டு சோபாவையே தூக்கிட்டு வர்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்று பெரில் வாசலில் நின்று சொன்னாள். மூச்சு விடக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன்.

மிஸ் ஹாரப் வந்து அந்த சோபாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், கையில் டீ கோப்பையோடு, கதவைக்கூடத் தட்டாமல் கிளிஃபோர்ட் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டிவியில் ரக்பி ஆட்டம் ஆரம்பித்துவிட்டதாம், அவர் வீட்டில் இருக்கிற நாற்காலி முதுகைக் கொல்கிறதாம். “நம்ம சோபாதான், நீங்க பாட்டுக்குப் பேசுங்க” என்றார். அவரை இழுத்துப்போக டோரீன் வந்தாள், சும்மா வராமல் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்தாள், வந்தவள் வியாழக்கிழமைகளில் ஹெட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக மிஸ் ஹாரப்பிடம் சொல்லி, எழுதிக்கொள்ளவும் சொன்னாள். அதற்குள் பக்கத்து வீட்டு கெவின் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, குழந்தைக்கட்டிலுக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் காய்ந்துவிட்டது, இப்போதே கொண்டுவரவா என்று கத்துகிறான். எனக்கு மானமே போய்விட்டது. பெரில் இடுப்பு ஆபரேஷன் ஆகிக் கிடந்தபோது எங்களுக்கு டோரீன் வீட்டுச் சாப்பாடுதான் என்பதையும் அந்தம்மா டோரீனிடமிருந்தே கறந்துவிட்டார். அதையெல்லாம் உதவி என்று நான் நினைத்ததே இல்லை சார், அது டோரீன், அவ்வளவுதான். அந்தம்மா சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார். இது இரண்டாவது புகார்.

மூன்றாவதுதான் பெரியது. லீயான் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். டீ போட்டுக் கொடுப்பேன், வாசலிலேயே நின்று குடிக்கச் சொல்வேன், தெளியும்வரை உள்ளே விடமாட்டேன் என்றேன். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்குப் போனவன் நான். முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால் அழுதேன். அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை என் தோட்டத்து லீக்ஸ் வெங்காயத்தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவ்வளவு தடிமனா எப்படி வளத்தீங்க?” என்று கேட்டார். இத்தனை பக்குவம் தெரிந்த ஆளை அனுப்பினால் ஒரு மனிதன் எப்படித்தான் வீம்பாக இருப்பது?

ஆகவே இனி வேறு யாரையாவது அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் குழந்தை குட்டிகளுக்கும் எங்கள் தெருவின் அன்பு.

தங்கள் உண்மையுள்ள,
நார்மன் ஓல்ட்ராய்ட்

பி.கு.: புகாரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் மிஸ் ஹாரப்பிடமே கேட்டேன். அது உங்கள் உரிமை என்று சொல்லி இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவரே போன் செய்தார். நாங்கள் லாயக்குதான் என்று அவர் எழுதியதற்குக் கோர்ட் சம்மதித்துவிட்டதாம், சனிக்கிழமை ஹெட்டி வருகிறாள். எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. இனி அவரைத் தவிர வேறு யாரை அனுப்பினாலும் புகார் எழுதுவேன், விலாசம் கையில் இருக்கிறது. சோபாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கிளிஃபோர்டும் அதிலேதான் இருக்கிறார், குழந்தைக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரப் பழகுகிறாராம்.