கொல்லைப்புறம் பார்த்து ரூம் போட்ட கதை

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும், உங்கள் அத்தையின் புது முழங்கால் உட்பட, சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீங்கள், "சரிங்க மாமா, இதோ அவகிட்ட குடுக்கறேன்" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. என் கையெழுத்து என் மகளுக்குப் புரியாது. நீங்கள்தான் படித்தாக வேண்டும்.

எங்கள் மலைப் பயணம் மாபெரும் வெற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நீங்கள் பதறக் கூடாது என்பதற்காக. அடுத்தபடியாக உங்களுக்கு நன்றி. மலைப்பாதை நெடுக எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தங்க வேண்டும் என்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கலர் கலராக அச்சடித்துப் பட்டியல் கொடுத்தீர்கள். அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஹோட்டல்களைத்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இந்தப் பயணம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை முப்பத்தோரு வருடம் மேய்த்தவன் நான். நோயாளிக்கு லீவு கிடையாது, அவன் படுக்கை விரிப்புக்கும் கிடையாது, ஆகவே எனக்கும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் உங்கள் அத்தையிடம், "அடுத்த வருஷம் கண்டிப்பா ஏரிக்குப் போறோம்" என்பேன். அவளும் ஒவ்வொரு வருடமும் புதிதாக நம்புவாள். இந்தத் தடவை பெட்டி கட்டும்போது நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "இதோ பாருங்க. முப்பத்தோரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க, அதுவும் காலை அறுத்துத் தைச்சு மூணு மாசம் ஆனப்புறம். இதுவும் சொதப்பிச்சுன்னா, இனிமே நீங்க எங்கே கூப்பிட்டாலும் நான் வாசப்படி தாண்ட மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் பெண்ணோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்துகிறவர் நீங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் உங்கள் பட்டியலின் முதல் ஹோட்டலுக்கே காரை விட்டேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி, நடுக்கூடத்தில் நீரூற்று, மீன்தொட்டி, டை கட்டிய மேனேஜர். எங்களுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். "இதோ ஆயிடும் சார், ஆள் வந்துட்டே இருக்காரு" என்றார் மேனேஜர். நான் இந்தக் கடிதம் எழுதும் இந்த நிமிஷமும் அந்த ஆள் வந்துகொண்டேதான் இருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் அத்தை ஒவ்வொரு படியாக, மாடிக்கு மாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் ஏறினாள். மலை தெரியும் அறை என்று போட்டிருந்ததே, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மலை அங்கதான் சார் இருக்கு, மூடுபனி மறைக்குது" என்றார். "மூடுபனியில எங்கேய்யா சுண்ணாம்பு அடிச்சிருக்கும்?" என்று கேட்டதற்கு அவர் மீன்தொட்டிக்குத் தீனி போட வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார்.

அதையெல்லாம் கூட மன்னித்திருப்பேன். படுக்கை விரிப்பைப் பெருவிரலால் ஒரு தேய் தேய்த்தேன். தலைமாட்டில் ப்ளீச் எரித்த மஞ்சள், கால்மாட்டில் சாம்பல் நிறம், மூக்கருகே கொண்டுபோனால் காயாமல் மடித்த வாடை. எனக்குக் கை பரபரத்துவிட்டது. கீழே இறங்கி, சமையலறை வழியாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் மேல் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை! புகைபோக்கிக்குப் பக்கத்தில்! மேனேஜர் ஓடி வந்தார். "சார், இங்கெல்லாம் கெஸ்ட் வரக் கூடாது சார்." "நான் கெஸ்ட்டா வரலைய்யா, முப்பத்தோரு வருஷ சர்வீஸா வந்திருக்கேன்" என்றேன். மறுபடி படி இறங்க முழங்கால் ஒத்துழைக்காததால் அன்று அங்கேயே தங்கினோம். காலையில் உங்கள் அத்தையின் இரண்டு கையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாக, "வீட்டுக்குப் போயிடலாமாங்க?" என்றாள். முப்பத்தோரு வருடம் காத்திருந்தவள் ஒரே நாளில் வேண்டாம் என்றுவிட்டாள். "ஒரே ஒரு நாள் குடு. இனிமே நானே பார்த்துப் பிடிக்கறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

என் முறை சுலபமானது. ஹோட்டலின் முன்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. முன்பக்கம் கட்டியது கட்டிடக்காரர், அவர் என்றோ காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரைப் பின் சந்தில் விட்டு, கொடியில் காயும் துணியைப் பார்க்க வேண்டும். துணியை ஒழுங்காகக் காயப்போடுகிறவன் தண்ணீர்த் தொட்டியையும் கழுவியிருப்பான், முட்டையையும் நல்லதாகத்தான் வாங்கியிருப்பான். அன்று காலை மட்டும் நான்கு கொல்லைப்புறம் பார்த்தேன். ஒன்றில் நாய் துரத்தியது. இன்னொன்றில், துணி திருட வந்தவன் என்று ஒரு சமையல்காரர் கரண்டியோடு வந்தார். உங்கள் அத்தை காருக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐந்தாவது கட்டிடத்தின் பின்னால்தான், மாப்பிள்ளை, நான் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள். மூலைக்கு மூலை சரியாக, ஓரத்தில் மட்டும் கிளிப் குத்தி, ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழாமல். இது தொழில் தெரிந்த கை! நேராகச் சுற்றி முன்னால் ஓடினேன். மேசையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண்.

"ரூம் இருக்காம்மா?"

"இருக்குங்க. எத்தனை நாள்?"

"ரெண்டு நாள். பிடிச்சுப் போச்சுன்னா கூட ஒரு நாள்."

அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நார்மல்னா ரெண்டு நாள் போதும். யாருக்குங்க?"

"எனக்கும் வீட்டுக்காரிக்கும்தான்."

"அவங்களுக்குச் சரி. உங்களுக்கு எதுக்கு?"

"நல்லாயிருக்கே! அப்போ நான் கார்லயா படுக்கறது?"

"துணைக்கு ஒருத்தர் தங்கலாங்க. அம்மாவுக்கு எத்தனை மாசம்?"

"மூணு மாசம் ஆச்சும்மா. இப்பத்தான் கைத்தடி வெச்சு நடக்கறா."

அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அறுபத்திரண்டு வயது, நரைத்த தலை, முகமெல்லாம் வியர்வை. அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். மாடியில் ஒரு பச்சைக் குழந்தை வீரிட்டு அழுதது. நான் பார்க்காமல் ஓடி வந்த வாசல் போர்டைப் படித்துவிட்டு வந்திருந்த உங்கள் அத்தை சொன்னாள்: "ஏங்க, வெளியில வாங்க. இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

அது பிரசவ ஆஸ்பத்திரி. காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, "நார்மல்னா ரெண்டு நாள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற பேச்சை அதன் பிறகு அவள் எடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஏரிக்கரையை அடைந்தோம். பெரிய ஹோட்டல்களெல்லாம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்க, கடைசியில் ஓடு போட்ட சின்ன விடுதி ஒன்று. பின்னால் போனேன். கொடியில் ஆறே ஆறு விரிப்புகள், ஆனால் ஒவ்வொன்றும் முத்து. தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"யாருய்யா அது, துணியில கை வைக்கறது?" கிளிப் கூடையை ஓங்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இரண்டு கையும் வெந்ததுபோல் சிவந்திருந்தன.

"இதைத் துவைச்சது யாரும்மா?"

"நான்தான். ஏன், கறை இருக்கா?"

"இல்லை. அதனாலதான் கேக்கறேன்."

கூடை கீழே இறங்கியது. அறை கேட்டேன். "ரூம் இருக்கு சார், ஆனா தர முடியாது. விரிக்கத் துணியில்லை" என்றார். விடுதிக்காரம்மாவே அவர்தானாம். பெரிய வாஷிங் மெஷின் முந்தின நாள் நின்றுவிட்டதாம். மெக்கானிக் வர நான்கு நாளாகுமாம். மறுநாள் மதியம் பதினான்கு பேர் வருகிறார்கள், இந்த சீசனில் இத்தனை பேர் ஒன்றாக வருவது அதுதான் முதல் தடவை. ஆறு விரிப்பைக் கையால் அலசுவதற்குள் கை புண்ணாகிவிட்டது. "அவங்களுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லத்தான் கிளம்பினேன். நீங்க வந்து நிக்கறீங்க."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். "போனை வைங்கம்மா. மெஷின் எங்கே?"

மாப்பிள்ளை, அந்த மெஷின் முன்னால் போய் நின்றதும் நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உள்ளே தண்ணீர் அப்படியே நின்றது. தண்ணீர் இறங்காவிட்டால் டிரம் வேகமாகச் சுற்றாது, இது அதன் குணம். கீழ் மூடியைக் கழற்றி வடிகட்டியில் கையை விட்டேன். ஒரு குழந்தையின் சாக்ஸ், இரண்டு ஹேர்பின், அரைச் சீப்பு. எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு பொத்தானை அழுத்தினேன். கடகடவென்று இரைந்துகொண்டு சுற்றியது பாருங்கள், எனக்கு நாதஸ்வரம் கேட்டதுபோல் இருந்தது. விடுதிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்த அரைச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் நன்றாக இருந்தது, ஏரிக் காற்றும் இருந்தது. இருட்டுவதற்குள் முப்பது விரிப்பு காய்ந்துவிட்டது. உங்கள் அத்தை தரைத்தளத் தாழ்வாரத்தில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், நான் தனியாக மடிக்கத் தடுமாறுவதைப் பார்த்து எழுந்து வந்தாள். "அந்த முனையைக் குடுங்க." விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையை ஒப்படைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மடித்திருப்போம். மூலையை என் கையில் வைத்தவள் உடனே விடவில்லை.

"முப்பத்தோரு வருஷம் நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு இன்னிக்குத்தாங்க பார்க்கறேன்."

"துணி மடிக்கறதுதான், வேறென்ன?"

"தெரியும். ஆனா இவ்வளவு நல்லாப் பண்ணுவீங்கன்னு தெரியாது" என்றாள்.

எனக்குப் பணி ஓய்வின்போது கடிகாரமும் சால்வையும் கொடுத்தார்கள். அவற்றை இனி நீங்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பதினான்கு பேரும் வந்து, விரித்த படுக்கையில் விழுந்து, சுகமாகத் தூங்கினார்கள். எங்களுக்கு வாசலைத் திறந்தால் ஏரி என்கிற அறை. உங்கள் அத்தை காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் என்று போனவர்கள் நான்கு நாள் இருந்தோம். அதற்கப்புறம் தங்கிய இரண்டு ஊர்களிலும் கொல்லைப்புறம் பார்த்தே பிடித்தேன், இரண்டும் சோடை போகவில்லை. கடைசி ஊரில் நான் இறங்குவதற்கு முன் உங்கள் அத்தையே, "இங்க வேண்டாங்க, தலையணை உறையைத் திருப்பிப் போடாமலே காயவெச்சிருக்காங்க" என்றாள். ஒரே வாரத்தில் தேறிவிட்டாள்! அடுத்த வருடம் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று தேதி வரை குறித்திருக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, ஹோட்டல் விஷயத்தில் இனி யாரும் போனைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாமாவைக் கேளுங்கள் என்று உங்கள் அலுவலகத்திலும் சொல்லிவையுங்கள். வேறு விசேஷமில்லை. என் மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசிதான், ஆனால் மரியாதையோடு கலந்தது. நீங்கள் இருவரும் எந்த ஊரில் படுத்தாலும் காய்ந்த விரிப்பில் படுத்து, கவலையில்லாமல் கண்ணயர வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். ஏரிக்கரை விடுதிக்காரம்மா இப்போதுதான் போன் செய்தார். "கூட நின்னு துணி மடிச்சீங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்று தழுதழுத்தார். நேற்று எதிர்வீட்டு டீச்சர், தங்கிய இடங்களுக்கெல்லாம் போனிலேயே மார்க் போடலாம் என்று கற்றுக்கொடுத்தார். விடுதிக்காரம்மாவுக்கு முதல் ராங்க் என்பதால் ஒரு நட்சத்திரம் அழுத்தினேன். மற்ற இரண்டு நல்ல இடங்களுக்கு இரண்டும் மூன்றும். அந்தக் கண்ணாடி ஹோட்டலுக்குக் கடைசி ராங்க், ஐந்து. போதாததற்கு, "இங்கே தங்கியதை வாழ்நாளில் மறக்க மாட்டோம்" என்றும் எழுதியிருக்கிறேன். டை கட்டிய மேனேஜர் கைகூப்பிய படத்தோடு நன்றி அனுப்பி, குடும்பத்தோடு மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். விடுதிக்காரம்மாவிடம் அறை கேட்டிருந்த இரண்டு குடும்பத்தினர் என் மார்க்கைப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடி ஹோட்டலுக்கு மாறிப் போய்விட்டார்களாம். இதையெல்லாம் அழிக்கத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். இதைப் படித்த கையோடு கிளம்பி வந்துவிடுங்கள். இவ்வளவு அவசரமானதை ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். போனை உங்கள் அத்தை பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.